கழுத்தைத் தடையில்லாமல் திருப்ப: நாற்காலியில் உட்கார்ந்தே செய்யும் பயிற்சிகள்

வண்டியைப் பின்னால் எடுக்கும்போது தலையை மட்டும் திருப்ப முடியாமல் உடம்பையும் சேர்த்துத் திருப்புகிறீர்களா? இந்தப் பயிற்சிகள் உங்களுக்குத்தான்.

கை மரத்துப்போவது, கையில் வலுக் குறைவது, தலைசுற்றல், காய்ச்சலோடு கழுத்து விறைப்பது, விழுந்தோ மோதியோ அடிபட்டது, இவற்றில் ஏதாவது இருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

தொடங்கும் முன் ஒரு சின்ன சோதனை. கூன் போட்டு, முகத்தை முன்னால் நீட்டிக்கொண்டு தலையை வலப்பக்கம் திருப்புங்கள். அப்புறம் நிமிர்ந்து உட்கார்ந்து அதையே செய்யுங்கள். இரண்டாவது முறை இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் திரும்பும். கழுத்தில் 7 எலும்புகள். தலை திரும்புவதில் ஏறக்குறைய பாதி, மேலே இருக்கும் முதல் இரண்டு எலும்புகளுக்கு நடுவில் நடக்கிறது. முகத்தை நீட்டி உட்காரும்போது அந்த இடம் பின்னால் மடங்கி இறுகிக்கொள்கிறது. அதனால்தான் முதல் பயிற்சியை எதற்காகவும் விடாதீர்கள் என்கிறேன்.

1. மோவாயைப் பின்னிழுப்பது. நேராகப் பார்த்தபடி மோவாயைப் பின்பக்கமாக இழுங்கள். தலை குனியவும் கூடாது, அண்ணாக்கவும் கூடாது. மோவாய்க்குக் கீழே மடிப்பு விழுந்தால் சரியாகச் செய்கிறீர்கள். பின்கழுத்தின் மேல்பகுதி இதமாக இழுபடும். 5 விநாடி நிறுத்தி விடுங்கள். 10 தடவை.

2. திருப்புவது. அதே நிமிர்ந்த நிலையில் மெதுவாக வலப்பக்கம் திரும்புங்கள். கண் முதலில் போகட்டும், தலை பின்தொடரும். முடிந்தவரை திரும்பிய இடத்தில் மூச்சை விட்டபடி 2 விநாடி நில்லுங்கள். இரு பக்கமும் 8 தடவை. இளவயதினருக்குச் சாதாரணமாக 80 பாகை வரை திரும்பும். வயது ஏறஏற அது குறைவது இயல்பு. கையால் தள்ளி எட்டிப்பிடிக்க வேண்டாம்.

3. சாய்ப்பது. வலக்கையால் நாற்காலியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு இடது காதை இடது தோள் பக்கம் கொண்டுபோங்கள். தோள் காதைத் தேடி மேலே ஏறக் கூடாது. 20 விநாடி, பிறகு மறுபக்கம்.

4. அக்குளைப் பார்ப்பது. தலையைப் பாதி இடப்பக்கம் திருப்பி, இடது அக்குளைப் பார்ப்பதுபோலக் குனியுங்கள். வலது தோள்பட்டைக்கு மேலே இழுக்கும். நாள் முழுக்கக் கணினிமுன் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் இறுகிக் கிடப்பது இந்தத் தசைதான். இதுவும் 20 விநாடி, இருபக்கமும்.

5. மேல்முதுகு. இரு கைகளாலும் பின்தலையைத் தாங்கி, நாற்காலியின் முதுகுமேல் மெல்லப் பின்னால் சாயுங்கள். 5 தடவை போதும். அடியில் சக்கரம் வைத்து உருளும் நாற்காலியில் இதைச் செய்யாதீர்கள்.

காலை, மாலை என இரண்டு வேளை. லேசான இழுப்பு இருக்கலாம். சுரீரென்று வலித்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

தலையைச் சுற்றிச்சுற்றி உருட்டுவது இதில் இல்லை, அவசியமும் இல்லை. சலூனில் முடிவெட்டியதும் தலையைப் பிடித்துச் சட்டென்று திருப்பி நெட்டி எடுப்பதையும் தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மூளைக்குப் போகும் இரண்டு இரத்தக் குழாய்கள் அந்தக் கழுத்தெலும்புத் துளைகள் வழியாகத்தான் ஏறுகின்றன. அரிதாக என்றாலும், அவை கிழிந்து பக்கவாதம் வந்ததுண்டு.