கருத்தடை செய்த ஆணுக்கு மறுஇணைப்பு: மருத்துவரைத் தேர்ந்தெடுக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர் மறுபடி குழந்தை வேண்டுமென்று மருத்துவரிடம் போனால், பெரும்பாலும் முதலில் கேட்பது "எவ்வளவுங்க ஆகும்?" என்பதைத்தான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதற்கு முன்னால் இன்னொன்று இருக்கிறது: "உள்ளே திறந்து பார்த்த பிறகு இரண்டு வகை இணைப்பில் எது தேவைப்பட்டாலும் நீங்களே செய்வீர்களா?" இதைக் கேட்காமல் விடுவதுதான் எல்லாத் தவறுகளிலும் பெரியது.

விந்துக்குழாயின் வெளி அகலம் 2 முதல் 3 மில்லிமீட்டர். உள்ளே விந்தணு போகும் துவாரம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. கருத்தடையில் இந்தக் குழாயை வெட்டி முனைகளை அடைத்திருப்பார்கள். மறுஇணைப்பில் விரைப் பக்கத்து முனையைப் புதிதாக வெட்டியதும் ஒரு சொட்டு திரவம் வரும். அதைக் கண்ணாடிச் சில்லில் எடுத்து, ஆபரேஷன் தியேட்டரிலேயே மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். அதில் விந்தணு தெரிந்தாலோ, திரவம் தண்ணீர் மாதிரித் தெளிவாக ஏராளமாக வந்தாலோ, குழாயோடு குழாயை நேரடியாகச் சேர்த்தால் போதும். பற்பசை போலக் கெட்டியாக வந்து விந்தணுவே இல்லையென்றால் அடைப்பு இன்னும் கீழே, விரையின் பின்புறம் ஒட்டியிருக்கும் எபிடிடிமிஸ் என்ற சுருள்குழாயில் இருக்கிறது என்று பொருள். பல வருட அழுத்தத்தில் அது கிழிந்து அடைத்திருக்கும். அப்போது விந்துக்குழாயை நேரே அந்தச் சுருள்குழாயில் தைக்க வேண்டும். அந்தக் குழலின் அகலம் ஏறக்குறைய கால் மில்லிமீட்டர்தான். நுண்ணறுவையில் மிகக் கடினமான வேலைகளில் இதுவும் ஒன்று.

எந்த இணைப்பு தேவைப்படும் என்பது மேசையில் படுத்த பிறகுதான் உறுதியாகத் தெரியும். ஒரு பக்கம் ஒரு வகை, மறுபக்கம் இன்னொரு வகை என்றும் அமையலாம். முதல் வகை மட்டுமே தெரிந்தவர் கெட்டித் திரவத்தைப் பார்த்தாலும் அதையேதான் தைத்து மூடுவார். தையல் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், ஆறு மாதம் கழித்துப் பரிசோதனையில் விந்தணு பூஜ்யம் என்றே வரும். இரண்டாம் முறை திறக்கும்போது தழும்பு கூடியிருக்கும், குழாயின் நீளம் குறைந்திருக்கும். அதனால் முதல் அறுவைதான் நல்ல வாய்ப்பு. ஆட்களைத் தேடி அலைவதென்றால் அதற்கு முன்பே அலைந்துவிடுங்கள்.

அடுத்த தவறு, கருத்தடை செய்த டாக்டரிடமே "திருப்பிச் சேர்த்துக் கொடுங்க" என்று போவது. கத்தியில்லாத நவீன கருத்தடை பத்து, பதினைந்து நிமிட வேலை. மறுஇணைப்புக்கு இரண்டு முதல் நான்கு மணி நேரம் ஆகும். உள்சவ்வுக்குப் 10-0 நைலான் நூல் போடுவார்கள், அது தலைமுடியைவிட மெல்லியது. வெளித்தசைக்கு 9-0. இந்த நூலை வைத்துத் தைக்க, பத்து முதல் இருபத்தைந்து மடங்கு பெரிதாக்கும் ஆபரேட்டிங் மைக்ராஸ்கோப் வேண்டும். கண்ணில் மாட்டும் லூப் கண்ணாடி மூன்று, நான்கு மடங்குதான் காட்டும். "மைக்ராஸ்கோப்பா, லூப்பா?" என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்டால் கோபப்படுகிறவரிடம் உடம்பை ஒப்படைக்க வேண்டாம்.

எம்.சிஎச். யூராலஜி அல்லது டி.என்.பி. யூராலஜி முடித்தவரா, தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலில் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். அது அடிப்படைதான், அதுவே போதாது. யூராலஜிஸ்ட் எல்லோரும் நுண்ணறுவை செய்கிறவர்கள் இல்லை. கல் அடைப்பும் புராஸ்டேட்டுமே பலருடைய அன்றாட வேலை. "வருடத்துக்கு எத்தனை மறுஇணைப்பு செய்கிறீர்கள், அதில் எபிடிடிமிஸ் இணைப்பு எத்தனை?" என்று கேட்டால் விவரம் வந்துவிடும். தறியிலும் லேத்திலும் துண்டான விரலை ஒட்டவைக்கும் நுண்ணறுவை நிபுணர்கள் கோவையில் உண்டு. அவர்கள் கை மிகத் தேர்ந்த கை. ஆனாலும் திரவத்தைப் பார்த்து எந்த இணைப்பு என்று முடிவெடுக்கும் பழக்கம் தனி, அவர்களிடமும் இதே கேள்விதான். பஸ் ஸ்டாண்டு பக்கம் லாட்ஜில் மாதம் ஒருநாள் வந்து பார்க்கிறவர்களையும், லேகியத்தால் குழாய் சேரும் என்கிறவர்களையும் அறவே தவிர்த்துவிடுங்கள். வெட்டிய குழாயை எந்த மருந்தும் சேர்க்காது.

"எங்களிடம் 95 சதவீதம் வெற்றி" என்றால் எது வெற்றி என்று கேட்க வேண்டும். விந்தில் அணு திரும்பி வருவது ஒன்று, மனைவி கருத்தரிப்பது வேறு. 1991-ல் வெளிவந்த, 1,469 ஆண்களைக் கொண்ட அமெரிக்க ஆய்வு இதைத் தெளிவாகப் பிரித்துச் சொல்கிறது. கருத்தடை செய்து 3 வருடத்துக்குள் என்றால் அணு திரும்பியது 97 சதவீதம், கரு தங்கியது 76. 3 முதல் 8 வருடம் என்றால் 88, 53. 9 முதல் 14 வருடம் என்றால் 79, 44. 15 வருடமோ அதற்கு மேலோ என்றால் 71, 30. உங்கள் ஆபரேஷன் நடந்த வருடத்தை வைத்துப் பேசாமல் ஒரே எண்ணை எல்லோருக்கும் சொல்பவர் உங்களுக்கு விவரம் சொல்லவில்லை, விளம்பரம் சொல்கிறார்.

மனைவியைச் சோதிக்காமல் தேதி குறிப்பதும் அடிக்கடி நடக்கிறது. கருத்தரிப்பில் மனைவியின் வயதுக்குப் பெரும் பங்கு உண்டு. 35-ஐத் தாண்டியிருந்தால் முதலில் கருமுட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் எடுக்க வேண்டும். அவருடைய கருக்குழாய் அடைத்திருந்தால் இந்த அறுவையால் மட்டும் பயன் கிடைக்காது. விரையிலிருந்து ஊசியில் அணு எடுத்து, லேப்பில் முட்டைக்குள் நேராகச் செலுத்தும் இக்சி என்ற வழி அப்போது பொருத்தமாகலாம். கோவை, ஈரோடு, சேலம் எங்கும் கருத்தரிப்பு மையங்கள் உண்டு. இக்சி மட்டும் செய்யும் இடத்தில் இக்சிதான் சொல்வார்கள், அறுவை மட்டும் செய்கிறவர் அறுவையைத்தான் சொல்வார். இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். அறுவையின்போதே அணு கிடைத்தால் உறையவைத்துச் சேமிக்க முடியுமா என்பதையும் முன்கூட்டியே கேளுங்கள். அதற்கு லேப் ஏற்பாடு வேண்டும்.

மருத்துவரிடம் சொல்ல மறப்பவையும் உண்டு. சின்ன வயதில் குடலிறக்க ஆபரேஷன் நடந்திருந்தால் மேலே, தொடை இடுக்குப் பகுதியிலும் விந்துக்குழாய் அடைபட்டிருக்கலாம். ஹைட்ரோசில் (விரையைச் சுற்றி நீர் கோத்த வீக்கம்) ஆபரேஷனில் எபிடிடிமிஸ் காயப்பட்டிருக்கலாம். ஜிம்மில் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டிருந்தால் விந்தணு உற்பத்தியே நின்றிருக்கலாம். வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள். கருத்தடைச் சான்றிதழையும் கையோடு கொண்டுபோங்கள்.

செலவைப் பேசும்போது, மேசையில் எபிடிடிமிஸ் இணைப்பாக மாறினால் பில் எவ்வளவு கூடும் என்று எழுதி வாங்குங்கள். மருத்துவக் காப்பீட்டை நம்ப வேண்டாம், கருத்தடையைத் திருப்பும் அறுவை பாலிசிகளின் பொதுவான விலக்குப் பட்டியலிலேயே இருக்கிறது. கையில் பணம் குறைவென்றால் கோவை, சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் யூராலஜி ஓ.பி.யில் விசாரியுங்கள், அங்கும் இதே கேள்விகளோடு.

அறுவை முடிந்ததும் கை கழுவிவிடும் மருத்துவர் வேண்டாம். மூன்று, நான்கு வாரம் பால் கேன், நூல் மூட்டை தூக்கக் கூடாது, மொபெட்டில் குழி விழுந்த ரோட்டில் போகக் கூடாது, இறுக்கமான ஜட்டி அணிய வேண்டும், மனைவியோடு சேருவதும் தள்ளிப்போக வேண்டும். முதல் விந்துப் பரிசோதனை ஒன்றிரண்டு மாதத்தில், பிறகு இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை. நேரடி இணைப்பில் ஆறு மாதத்துக்குள் அணு தெரிய வேண்டும். எபிடிடிமிஸ் இணைப்பில் ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். முதலில் அணு வந்துவிட்டு, பிறகு தழும்பு இறுகி எண்ணிக்கை குறைவதும் உண்டு. அதனால் நல்ல எண்ணிக்கை வந்த மாதத்திலேயே கொஞ்சம் சேமித்து வைப்பது நல்லது.