ஊர்க் காசைக் கண்காணிக்கப் புறப்படுவோர் விடும் பிழைகள்

உள்ளூராட்சி சபையின் பாதீட்டுப் (வரவுசெலவுத் திட்டப்) புத்தகத்தில் 'ஒழுங்கை புனரமைப்பு, 50 இலட்சம்' என்றொரு வரி இருக்கும். அதைக் கண்டவுடன் "சபை 50 இலட்சத்தைச் செலவழித்துவிட்டது, றோட்டைப் பாருங்கள்" என்று முகநூலில் போட்டுவிடுவார்கள். கண்காணிப்பு வேலை பெரும்பாலும் இந்த இடத்திலேயே சறுக்குகிறது. பாதீட்டில் இருப்பது ஒதுக்கீடு மட்டும். அதற்குப் பிறகு பொறியியல் மதிப்பீடு, ஒப்பந்தத் தொகை, வேலை முடிந்து அளந்தபின் வரும் இறுதிப் பட்டியல் (பில்), உண்மையில் கொடுத்த காசு என்று நான்கு தொகைகள் வரும். எதுவும் மற்றதோடு ஒத்திருக்க வேண்டியதில்லை. மதிப்பீட்டில் எதிர்பாராச் செலவுக்கென்று ஒரு பங்கு சேர்ந்திருக்கலாம். கேள்வி (ரெண்டர்) கோரியபின் ஒப்பந்தம் குறைந்த தொகைக்குப் போயிருக்கலாம். கொடுப்பனவில் ஒரு பகுதி உத்தரவாதக் காலம் முடியும்வரை பிடித்து வைக்கப்பட்டிருக்கலாம். ஒரு தாளில் வற் வரி சேர்ந்தும் மற்றதில் சேராமலும் இருந்தாலோ, 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீதமான அந்த வரி மட்டுமே 'காணாமல்போன காசு' போலத் தோன்றும். எந்தத் தொகையைப் பற்றிக் கதைக்கிறோம் என்று ஒவ்வொரு முறையும் பெயர் சொல்லியே எழுத வேண்டும்.

யாருடைய வீதி என்று பார்க்காமல் கேட்பது அடுத்த பிழை. யாழ் மாவட்டத்தில் ஒரு மாநகர சபை, மூன்று நகர சபைகள், 13 பிரதேச சபைகள் என 17 உள்ளூராட்சி சபைகள் உள்ளன. ஆனால் ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை; சி, டி தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்குரியவை. ஏ-9 வீதிக் குழிக்குப் பிரதேச சபைத் தவிசாளரைத் திட்டிப் பயனில்லை. காலத்தையும் கவனிக்க வேண்டும். 2023 மார்ச்சில் சபைகளின் பதவிக்காலம் முடிந்து, 2025 மே 6 தேர்தல்வரை செயலாளர்களும் ஆணையாளர்களுமே நிருவாகத்தை நடத்தினார்கள். அந்த இடைவெளியில் கையெழுத்தான ஒப்பந்தத்துக்கு இப்போதைய உறுப்பினரைப் பொறுப்பாக்குவது அநியாயம்.

வேலையைக் கண்ணால் பார்த்து முடிவெடுப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 100 மீற்றர் நீளம், 3 மீற்றர் அகலம், 150 மில்லிமீற்றர் தடிப்பில் ஓர் ஒழுங்கைக்கு கொங்கிறீட் போட்டால் 45 கன மீற்றர் வேண்டும். தடிப்பு 125 மில்லிமீற்றராகக் குறைந்தால் 37.5 போதும். அந்த ஓர் அங்குலத்தில் 7.5 கன மீற்றர், அதாவது இரண்டரைக் கியூபுக்கும் (ஒரு கியூப் 100 கன அடி) கூடுதலான கொங்கிறீட் மறைந்துவிடும். இது பலருக்கும் தெரியும். தெரிந்தும் விடும் பிழை, வேலை முடிந்தபின் ஓரத்தில் ரேப் வைத்து அளப்பது. ஓரத்துத் தடிப்பை, கொங்கிறீட்டைத் தடுக்க இரு பக்கமும் அடிக்கும் பலகையின் உயரம் தீர்மானிக்கிறது. அங்கே கணக்குச் சரியாகத்தான் வரும். நடுவில் அடித்தளம் மேடாக இருந்தால் குறைவு அங்கேதான் ஒளிந்திருக்கும். ஆகவே கொங்கிறீட் கொட்டுவதற்கு முந்தைய நாளே போக வேண்டும். இரண்டு பக்கப் பலகைகளின் மேல் விளிம்புகளுக்குக் குறுக்கே நூலை இழுத்துக் கட்டி, நூலிலிருந்து அடித்தளம் வரை நடுவிலும் இரு பக்கத்திலும் அளவெடுங்கள். பத்து மீற்றருக்கு ஒரு தடவை போதும். ரேப்பின் இலக்கம் தெளிவாகத் தெரியும்படி படம் பிடியுங்கள். தொழில்நுட்ப உத்தியோகத்தர் நிற்கும்போது அளந்தால் இன்னும் நல்லது, குறைவிருந்தால் அவரே அந்த இடத்தில் திருத்தச் சொல்லலாம். வேலை முடிந்துவிட்டதென்றால் நீங்களே உடைத்துப் பார்க்க வேண்டாம். துளையிட்டு மாதிரி எடுக்கும்படி சபைப் பொறியியலாளரை எழுத்தில் கேளுங்கள்.

எல்லாவற்றுக்கும் முதல், ஒப்பந்தத்தில் எத்தனை மில்லிமீற்றர் என்று பாருங்கள். அதிலேயே 125 என்றிருந்தால் ஒப்பந்தகாரரில் குற்றமில்லை.

அந்த ஒப்பந்தத் தாளைப் பெற 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. இங்கே கெடுவது பெரும்பாலும் கேள்விதான். "ஏன் இந்த றோட் பழுதாகிவிட்டது?" என்று கேட்டால் விளக்கம் வரும், ஆவணம் வராது. ஒழுங்கையின் பெயர், ஆண்டு, வேலையின் பெயர் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, அங்கீகரித்த மதிப்பீடு, ஒப்பந்தம், அலகு விலைகளோடு கூடிய அளவுப் பட்டியல், அளவீட்டுத் தாள், இறுதிப் பட்டியல், கொடுப்பனவு வவுச்சர் என்று தாள் தாளாகக் கேளுங்கள். எதற்கென்று காரணம் எழுதத் தேவையில்லை. விண்ணப்பத்தைக் கொடுத்தவுடன் பற்றுச்சான்று வாங்காமல் வராதீர்கள், அதிலுள்ள திகதியிலிருந்துதான் எல்லாம் எண்ணப்படும். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். சனி, ஞாயிறு, விடுமுறை நாட்கள் கணக்கில் வராது. பதிலே வராவிட்டால் மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள்தான் அதிகம். அதற்குள் மேன்முறையீட்டுக்கான 14 நாள் கடந்துபோய்விடும். மேன்முறையீட்டைக் கேட்கும் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு அந்தக் காலத்துக்குள் எழுத வேண்டும். அவர் மூன்று வாரத்துக்குள் தீர்மானிக்காவிட்டாலோ மறுத்தாலோ, தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போக இரண்டு மாதம் இருக்கிறது.

கணக்காய்வாளர் தலைமை அதிபதியின் அறிக்கையை வாசிப்பவர்கள் முதல் நிரலோடு நின்றுவிடுகிறார்கள். சபைகளைப் பற்றிய அறிக்கைகளில் கணக்காய்வு அவதானிப்புக்குப் பக்கத்தில் சபையின் கருத்துரையும், அதற்கடுத்துப் பரிந்துரையும் இருக்கும். 'வவுச்சர் சமர்ப்பிக்கப்படவில்லை' என்ற அவதானிப்புக்கு 'பின்னர் சமர்ப்பிக்கப்பட்டது' என்ற பதில் பக்கத்திலேயே இருக்கலாம். முதல் நிரலை மட்டும் வெட்டிப் பகிர்ந்தால் அடுத்த நாளே மறுப்பு வரும். அதன்பிறகு நீங்கள் சொல்லும் உண்மையையும் யாரும் கேட்கமாட்டார்கள். ஆவணம் காட்டப்படவில்லை என்பதும் களவு நடந்தது என்பதும் வெவ்வேறு குற்றச்சாட்டுகள்.

வீடு, காணிக்குச் சபை விதிக்கும் சோலைவரியின் கணக்கில் ஏமாறுவது இன்னும் சுலபம். உதாரணத்துக்கு, பழைய நிலுவை 40 இலட்சம், இந்த ஆண்டு விதித்தது 60 இலட்சம், அறவிட்டது 50 இலட்சம் என்று வைப்போம். 50ஐ 60ஆல் வகுத்து 83 சதவீதம் என்று சபை சொல்லும். வரவேண்டியது மொத்தம் 100 இலட்சம்; வந்தது பாதி. அறவிட்டதில் 30 இலட்சம் பழைய நிலுவை என்றால், இந்த ஆண்டு வரியில் வந்தது மூன்றில் ஒரு பங்குதான். நிலுவையையும் நடப்பாண்டையும் பிரித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள்.

2021 விலையையும் 2023 விலையையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடவும் வேண்டாம். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் கிட்டத்தட்ட 70 சதவீதம். அதே ஆண்டில் அயல் சபை ஒரு மீற்றருக்கு என்ன கொடுத்தது என்று பார்ப்பதே நேர்மையான ஒப்பீடு.

சொல்லச் சங்கடமான பிழையும் ஒன்றுண்டு. எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கங்களே சிறு வேலைகளை ஒப்பந்தமாக எடுப்பதுண்டு. அந்தச் சங்கத்தின் நிருவாகத்தில் இருப்பவர் அந்த வேலையைக் கண்காணிக்கக் கூடாது, எவ்வளவு நல்லவராக இருந்தாலும். பக்கத்து ஊர்க்காரரைக் கூப்பிடுங்கள்.

எழுதி முடித்ததும் உடனே வெளியிட வேண்டாம். கண்டதையும் கணக்கையும் ஒரு பக்கத்தில் எழுதி, சபைச் செயலாளருக்கும் ஒப்பந்தகாரருக்கும் பதிவுத் தபாலில் அனுப்பி ஏழு நாள் அவகாசம் கொடுங்கள். வந்த பதிலை, உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும், முழுமையாகச் சேர்த்துப் போடுங்கள். பதில் வராவிட்டால் கடிதம் அனுப்பிய திகதியையும் தபால் பற்றுச்சீட்டையும் போடுங்கள்.