விலையுயர்ந்த கடிகாரம் வரும்வரை: அன்றாடம் கட்ட ஒரு நல்ல கைக்கடிகாரத்தைத் தெரிவுசெய்யும் முறை

ரோலெக்ஸ் சப்மரைனர் போன்ற ஒரு கடிகாரத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர், அந்தக் காத்திருப்போர் பட்டியல் நாம் அறிந்த வரிசைகளைப் போன்றதல்ல என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். 2022இல் பெற்றோலுக்கு நின்ற வரிசையில்கூட, நமக்கு முன்னால் எத்தனை வாகனங்கள் நிற்கின்றன என்று இறங்கி நடந்து எண்ணிப் பார்க்க முடிந்தது. இங்கே அதற்கும் வழியில்லை. தமக்குக் கிடைக்கும் சில கடிகாரங்களை யாருக்குக் கொடுப்பது என்பதை விற்பனையாளரே தீர்மானிக்கிறார். அழைப்பு ஆறு மாதத்திலும் வரலாம், மூன்று ஆண்டுகளிலும் வரலாம், வராமலே போகவும் கூடும். ஆகவே, இடைக்காலத்துக்கென்று வாங்கும் கடிகாரத்தை, அதற்குப் பிறகு வேறொன்று வரப்போவதில்லை என்று வைத்துக்கொண்டே தெரிவுசெய்ய வேண்டும் என்பது என் கருத்து. கொழும்பில் வேலைக்குப் போய்வரும் ஒருவர், இந்த விலைத்தட்டில் முதன்முறையாகக் கால்வைக்கும்போது கைக்கொள்ளக்கூடிய முறையைக் கீழே படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: பணத்தை இரண்டு கணக்காகப் பிரியுங்கள்

காத்திருக்கும் கடிகாரத்துக்கான பணத்தைத் தனியான ஒரு வைப்புக் கணக்கில் போட்டுவிட்டு, மிச்சத்திலிருந்து மட்டுமே இடைக்காலக் கடிகாரத்தை வாங்குங்கள். இரண்டும் ஒரே கணக்கில் கிடந்தால், அழைப்பு வரும் நாளில் கையில் பணம் இருக்காது.

அடுத்து, கடிகாரத்தின் விலையைப் பார்ப்பதைவிட அதை விற்கும்போது ஏற்படக்கூடிய இழப்பைக் கணக்குப் பாருங்கள். ஓர் உதாரணத்துக்கு, 10 லட்சம் ரூபாய்க்கு வாங்கிய கடிகாரத்தை மூன்று ஆண்டுகள் கட்டிவிட்டு ஆறரை லட்சத்துக்கு விற்றால், இழப்பு மூன்றரை லட்சம். 36 மாதங்களுக்குப் பிரித்தால் மாதம் ஏறத்தாழ 9,700 ரூபாய். இந்தத் தொகையை மாதாமாதம் வாடகையாகக் கொடுக்க மனம் ஒப்புமா என்று கேட்டுப் பாருங்கள். ஒப்பவில்லையென்றால் ஒரு தட்டு கீழே இறங்குவதுதான் சரி. எதிர்பார்க்கும் கடிகாரத்தின் விலையில் மூன்றிலொன்றைத் தாண்டாதிருப்பது எனக்கு நானே விதித்துக்கொண்ட எல்லை. இதற்கு எந்தச் சாத்திரமும் இல்லை.

இலங்கையில் இருப்பவருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 2022 மார்ச்சில் 200 ரூபாய் அளவில் இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்துக்குள் 360 ரூபாயை எட்டியதை நாம் கண்டிருக்கிறோம். சுவிஸ் கடிகாரத்தின் விலை நம் ரூபாயில் நிர்ணயிக்கப்படுவதில்லை என்பதால், காத்திருக்கும் காலம் நீள நீள, சேர்த்த தொகை பின்தங்கிக்கொண்டே போகக்கூடும். இடைக்காலக் கடிகாரத்தில் கண்ணை மூடிக்கொண்டு செலவழித்தால் அந்த இடைவெளி மேலும் விரியும்.

படி 2: எதிர்பார்க்கும் கடிகாரத்தின் நிழலை வாங்காதீர்கள்

புதியவர்கள் பெரும்பாலும் பிழைவிடும் இடம் இதுதான். சப்மரைனருக்குக் காத்திருப்பவர், அதே கறுப்பு டயல், டயலைச் சுற்றி அதே சுழலும் வளையம், மணிகளைக் குறிக்கும் அதே புள்ளிகள் கொண்ட வேறொன்றைத் தேடிப் போகிறார். டியூடர் பிளாக் பே 58 மிக நல்ல கடிகாரம். ரோலெக்ஸை நிறுவிய ஹான்ஸ் வில்ஸ்டோர்ஃப் தொடங்கிய நிறுவனமே டியூடர் என்பதால் உறவும் நெருக்கமானது. ஆனால் சப்மரைனருக்குக் காத்திருப்பவரின் கையில் அது ஒவ்வொரு நாளும் ஒப்பீட்டுக்கே உள்ளாகும். மற்றது வந்த மறுநாள் இலாச்சிக்குள் போய்விடும்.

சப்மரைனரை எதிர்பார்ப்பவருக்கு, சுழலும் வளையம் இல்லாத, அலுவலகத்துக்கும் கலியாண வீட்டுக்கும் ஒருசேரப் பொருந்தும் ஒன்றையே நான் பரிந்துரைப்பேன்: ஒமேகா அக்குவா டெரா, கார்ட்டியே சாண்டோஸ், அல்லது கிராண்ட் சீகோவின் சிறிய பற்றரிக் கடிகாரங்களில் ஒன்று. ரோலெக்ஸ் டேற்ஜஸ்ற் போன்ற நேர்த்தியான கடிகாரத்துக்குக் காத்திருப்பவருக்கோ பிளாக் பே 58 மிகப் பொருத்தம். டேற்ஜஸ்ற் வந்த பிறகும் கடற்கரைக்கும் பயணத்துக்கும் இதற்கு வேலை இருக்கும். ரோலெக்ஸ் எக்ஸ்ப்ளோரருக்குக் காத்திருப்பவர் டியூடர் ரேஞ்சரைத் தவிர்க்கலாம், அது முகச்சாயலில் மிக அருகில் நிற்கிறது.

ஒரு சில கடைகளில், இன்னின்னதை வாங்கினால் உங்கள் பெயர் மேலே வரும் என்று சாடையாகச் சொல்வார்கள். எழுத்தில் தரப்படாத அந்த வாக்கை நம்பி, பிடிக்காத ஒன்றை வாங்க வேண்டாம்.

படி 3: ஒரு வாரம் உங்கள் கையைக் கவனியுங்கள்

கடைக்குப் போவதற்கு முன், உங்கள் இடக்கை ஒரு வாரத்தில் எதிலெல்லாம் படுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குக் கடலோர ரயிலில் போய்வருபவர் கதவருகே நின்றால் அவரது கையில் உப்புக்காற்று அடிக்கும்; காலி வீதி பஸ்ஸில் மேற்கம்பியைப் பிடித்து நிற்பவரின் கடிகாரம் பக்கவாட்டில் உரசுப்படும்; முற்பகல் குளிரூட்டிய அலுவலகம், நண்பகலில் வியர்வை, ஏப்ரலிலும் ஐப்பசியிலும் பின்னேரம் இடியுடன் மழை. சூரிச்சில் எழுதப்படும் மதிப்புரைகள் இந்தக் கையை அறியா.

தோற்பட்டியை முதலிலேயே தள்ளிவிடுங்கள். நம் ஈரப்பதத்தில் நாள்தோறும் கட்டினால், சில மாதங்களிலேயே உட்புறம் கறுத்து, மூக்கைச் சுளிக்கவைக்கும் வாடை ஏறிவிடும். இரும்புச் செயினோ ரப்பர் பட்டியோ போதும். வீட்டுக்கு வந்ததும் குழாய் நீரில் கழுவித் துடைத்துவிட்டால் உப்பும் வியர்வையும் போய்விடும். செயினில் பார்க்க வேண்டியது அதன் பூட்டு. வெயிலில் மணிக்கட்டு வீங்கும், குளிரூட்டியில் சுருங்கும். ஆகவே, கருவி எதுவுமில்லாமல் விரலாலேயே நீட்டிக் குறைக்கக்கூடிய பூட்டு இங்கே ஆடம்பரம் அன்று. டியூடர் ரேஞ்சரில் உள்ள டி-ஃபிற் பூட்டு 8 மில்லிமீற்றர் வரை இவ்வாறு இசையும். கண்ணாடிபோல் மெருகூட்டிய பரப்பைவிட, நுண்வரி இழுத்த மங்கலான பரப்பு கீறல்களை மறைக்கும். சாண்டோஸின் மினுங்கும் சட்டம் அழகானதுதான், ஆனால் பஸ் கம்பிக்கு ஆகாது.

தங்கக் காப்பு அணிபவர்களுக்கு ஒரு சொல்: 22 கரட் தங்கம் இரும்பைவிட மிருதுவானது. கடிகாரத்தையும் காப்பையும் ஒரே கையில் போட்டால் தேய்வது காப்புத்தான்.

நீர் பற்றிய எழுத்தைச் சரியாக வாசிக்கப் பழகுங்கள். 30 மீற்றர் என்று பொறித்திருந்தால் அதைக் கட்டிக்கொண்டு 30 மீற்றர் ஆழத்துக்குப் போகலாம் என்று பொருளல்ல. கை கழுவும்போது தெறிக்கும் நீரைத் தாங்கும் என்பதே பொருள். நீச்சலுக்கு 100 மீற்றராவது இருக்க வேண்டும். சாண்டோஸ் 100 மீற்றர், அக்குவா டெரா 150, பிளாக் பே 58 கடிகாரம் 200 மீற்றர் என்ற அளவுகளைக் கொண்டவை. கொழும்பு மழைக்கு மூன்றும் தாராளம். எனினும் அந்த எண் புதிய கடிகாரத்துக்கு உரியது. உள்ளேயுள்ள ரப்பர் வளையங்கள் காலத்தோடு இறுகிப் போகும்.

என்னுடைய பழைய கடிகாரமொன்றுக்கு ஒரு கடையில் பற்றரி மாற்றியபோது, பின்மூடியின் வளையத்தை மாற்றாமல் அப்படியே அழுத்தி மூடிவிட்டார்கள். இரண்டு வாரம் கழித்துப் பம்பலப்பிட்டிச் சந்தியில் மழையில் அகப்பட்டேன். ஓர் ஓரமாக ஒதுங்கி மணி பார்த்தபோது, கண்ணாடியின் உட்புறத்தில், 4 என்ற இலக்கத்தின் மேல், ஊதிவிட்டாற்போல் ஒரு சிறு வெண்படலம் இருந்தது. வீடு வந்து சேர்வதற்குள் அது பாதி டயலை மூடிவிட்டது. அம்மாவின் யோசனைப்படி அரிசிப் பேணிக்குள் இரவு முழுவதும் புதைத்து வைத்ததில் படலம் மறைந்ததென்னவோ உண்மை, ஆனால் ஒரு மாதத்துக்குள் நிமிட முள்ளின் அடியில் துரு கண்டது. பின்மூடியைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் வளையத்தை மாற்றச் சொல்லுங்கள், நீரழுத்தச் சோதனையையும் கேட்டுப் பெறுங்கள்.

காந்தத்தையும் மறக்கக்கூடாது. மடிக்கணினி, தொலைபேசியின் ஒலிபெருக்கி, கைப்பையின் காந்தக் கொளுக்கி ஆகியவற்றின் அருகே கிடந்தால், பற்றரியின்றிச் சுருள்வில்லால் ஓடும் சாதாரண இயந்திரக் கடிகாரம் திடீரென முந்தி ஓடத் தொடங்கும். காந்தம் நீக்கும் சிறு கருவியால் சில செக்கன்களில் இது சரியாகும் என்பதால் பதற வேண்டியதில்லை. ஒமேகாவின் மாஸ்ரர் குரோனோமீற்றர் சான்று பெற்றவை 15,000 காவுஸ் காந்தப்புலத்தையும் தாங்குமாறு சோதிக்கப்பட்டவை.

படி 4: அடிமட்டத்தால் அளவெடுங்கள்

விளம்பரங்களில் முதலில் சொல்லப்படுவது விட்டம். ஆனால் கையில் பொருந்துவதைத் தீர்மானிப்பது, பட்டியைப் பிடித்திருக்கும் மேல்காதின் நுனியிலிருந்து கீழ்க்காதின் நுனி வரையுள்ள நீளமே. கையை மேசையில் கவிழ்த்து வைத்து, மணிக்கட்டின் குறுக்கே அடிமட்டத்தைப் பிடித்து, தட்டையாக இருக்கும் பகுதியின் அகலத்தை மில்லிமீற்றரில் குறியுங்கள். கடிகாரத்தின் காது நீளம் அதைத் தாண்டினால், இரு பக்கமும் கை வளையும் இடத்தில் காதுகள் அந்தரத்தில் நிற்கும். ஒரு தடித்த காகிதத்தை அந்த நீளத்துக்கு வெட்டிக் கையில் வைத்துப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

தடிப்பையும் பாருங்கள். பிளாக் பே 58 கடிகாரம் 39 மில்லிமீற்றர் விட்டமும் 11.9 மில்லிமீற்றர் தடிப்பும் கொண்டது. முழுக்கைச் சட்டையின் பொத்தானைப் பூட்டிய பிறகும் உள்ளே நழுவும். 13 மில்லிமீற்றரைத் தாண்டியவை, என் அனுபவத்தில், சட்டை விளிம்பில் மாட்டிக்கொண்டு நிற்கும்.

படி 5: பற்றரியா, இயந்திரமா

இயந்திரக் கடிகாரம் என்றால் வெள்ளிக்கிழமைக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். வெள்ளி மாலை 6 மணிக்குக் கழற்றி வைத்துத் திங்கள் காலை 7 மணிக்கு எடுத்தால் இடையில் 61 மணித்தியாலங்கள். முழுமையாகச் சாவி ஏறிய பிளாக் பே 58 கடிகாரம் 70 மணித்தியாலங்கள் ஓடும், ஆகவே திங்கட்கிழமையும் ஓடிக்கொண்டிருக்கும். 55 மணித்தியாலங்கள் ஓடும் இயந்திரம் ஞாயிறு நள்ளிரவு கழிந்து 1 மணிக்கு நின்றுவிடும். அவசரமாகப் புறப்படும் காலையில் நேரத்தையும் திகதியையும் திருத்த வேண்டிவரும். பின்னாளில் இரண்டு கடிகாரங்களை மாற்றி மாற்றிக் கட்டப்போகிறவருக்கு இது சிறிய விடயமல்ல.

பற்றரி என்றதும் முகம் சுளிப்பவர்கள் உண்டு. கிராண்ட் சீகோவின் 9எஃப் என்ற பற்றரி இயக்கமைப்பு ஆண்டுக்கு 10 செக்கன் அளவிலேயே முந்தும் அல்லது பிந்தும். துல்லியத்துக்கான சுவிஸ் காலமானிச் சான்று பெற்ற இயந்திரக் கடிகாரத்துக்கு நாளொன்றுக்கு 4 செக்கன் பிந்தவும் 6 செக்கன் முந்தவும் அனுமதி உண்டு. இலாச்சியிலிருந்து எடுத்த கணமே சரியான நேரம் காட்டும் அந்தப் பற்றரிக் கடிகாரத்தை, பிற்காலத்தில் இரண்டாம் கடிகாரமாக இறங்கப்போகும் இடத்துக்கு மிகப் பொருத்தமானதாக நான் கருதுகிறேன்.

படி 6: கடையில்

இரண்டு முறை போங்கள். முதல்முறை பணமோ கடனட்டையோ கொண்டு போகாதீர்கள். அலுவலகத்துக்குப் போகும் அதே சட்டையோடு, நண்பகலில், சிறிது தூரம் நடந்தே போங்கள். குளிரூட்டிய கடைக்குள் அரை மணி நேரம் இருந்த பின் இறுக்கமில்லாமல் அமரும் செயின், காலி வீதியில் பத்து நிமிடம் நடந்ததும் கையை நெரிக்கும். கடையின் விளக்குகள் எதையும் ஜொலிக்கவைக்கும்படி அமைக்கப்பட்டவை. டயலை வாசலருகே பகல் வெளிச்சத்தில் பார்க்க அனுமதி கேளுங்கள்.

நீங்கள் போகும் கடை அந்த நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்றதா என்பதை நிறுவனத்தின் இணையத்தளத்தில் உறுதிப்படுத்துங்கள். ரோலெக்ஸ், ஒமேகா, டியூடர், கிராண்ட் சீகோ ஆகியவை 5 ஆண்டு உத்தரவாதம் தருகின்றன, ஆனால் திகதியிடப்பட்ட அட்டை கையில் இருந்தால்தான் அது செல்லும். சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ போகிறவர்கள் அங்கே வாங்கிச் சுற்றுலாப் பயணிக்குரிய வரியைத் திரும்பப் பெறலாம். சிங்கப்பூரில் அந்த வரி 2024 முதல் 9 சதவீதம், துபாயில் 5. திரும்பிவரும்போது கட்டுநாயக்காவில் சுங்கத்துக்கு அறிவிக்க வேண்டியதையும் சேர்த்துக் கணக்கிட்டால், எதிர்பார்த்த இலாபம் பல வேளைகளில் தேய்ந்துவிடும். தீர்வை விவரத்தைப் புறப்படுவதற்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருவர் கட்டிய கடிகாரத்தை வாங்குவதில் வெட்கம் ஒன்றுமில்லை. முதல் இழப்பை அவர் சுமந்துவிட்டார். ஆனால் தொடர் இலக்கம், அட்டை, பற்றுச்சீட்டு மூன்றும் ஒத்துப்போக வேண்டும், பின்மூடியைத் திறந்து காட்டவும் விற்பவர் உடன்பட வேண்டும். இன்றைய போலிக் கடிகாரங்கள் புறக்கோட்டை நடைபாதையில் கிடந்த பழைய போலிகளைப் போன்றவை அல்ல. வெளித்தோற்றத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல என்னாலும் முடியாது.

படி 7: வாங்கிய அன்று

செயினை அளவாக்கும்போது கழற்றிய கண்ணிகளைக் கடைக்காரரிடம் விட்டுவிடாமல் எண்ணி வாங்குங்கள். அவற்றைச் சிறு பிளாஸ்ரிக் உறையிலிட்டு, உத்தரவாத அட்டையோடும் பற்றுச்சீட்டோடும் பெட்டிக்குள் வையுங்கள். கூடவே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்றையும் போட்டு ஆறு மாதத்துக்கொரு முறை மாற்றுங்கள், இல்லாவிடில் நம் அலுமாரிகளில் பெட்டியின் உட்துணி பூஞ்சணம் பிடித்துவிடும். பெட்டி எங்கே இருக்கிறது என்பதை வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள். எங்கள் வீட்டில் ஒரு புதுவருடத் துப்புரவின்போது, அந்தச் சிறு உறையைப் பழைய பொத்தான் என்று நினைத்து, சின்னம்மா தையல் பெட்டிக்குள் போட்டுவிட்டார். மூன்று கண்ணிகளும் அடுத்த புதுவருடத்துக்குத்தான் கிடைத்தன.