பாதிக்கப்பட்டவர்களுக்கான தொழில்நுட்பத் திட்டத்துக்கு அமெரிக்க அரசு மானியம்: முதல்முறை விண்ணப்பிப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

குடும்ப வன்முறை, பாலியல் வன்முறை என்று ஏதோ ஒரு குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவும் சிறிய தொண்டு அமைப்புகள் அமெரிக்காவில் ஊருக்கு ஊர் உண்டு. நியூ ஜெர்சியில் 1985இல் தொடங்கிய மானவி போல, தெற்காசியப் பெண்களுக்கென்றே இயங்கும் அமைப்புகளும் இருக்கின்றன. நான் தன்னார்வலராக இருக்கும் சிறிய அமைப்பில், தொலைபேசியில் பேச முடியாத பெண்கள் தமிழிலேயே எழுதி உதவி கேட்க ஒரு சாட் சேவை வேண்டும் என்று வெகுநாள் ஆசை. பணம் இல்லை. மானியத்துக்கு எழுதியும் பழக்கமில்லை. தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டதை இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், பணம் எங்கிருந்து வருகிறது? 1984இல் வந்த ‘வோக்கா’ (குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கான கூட்டரசுச் சட்டம்) இதற்கென்று தனி நிதி ஒன்றை உருவாக்கியது. அதில் சேர்வது மக்களின் வரிப்பணம் அல்ல. கூட்டரசு வழக்குகளில் குற்றவாளிகள் கட்டும் அபராதம்தான் அதற்கு முக்கிய வரவு. நிறுவனங்கள் வழக்கைத் தவிர்க்க அரசோடு ஒப்பந்தம் போட்டுக் கட்டும் தொகையும் இதில் சேர வேண்டும் என்று 2021இல் சட்டத்தைத் திருத்தினார்கள். நிதியை நிர்வகிப்பது நீதித்துறையின் கீழ் உள்ள ஓ.வி.சி., அதாவது குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கான அலுவலகம். நாடு தழுவிய போட்டியில் அந்த அலுவலகத்திடமே நேரடியாகக் கேட்கலாம். அல்லது, அது மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பணத்திலிருந்து உங்கள் மாநில நிர்வாக அலுவலகம் வழியாகப் பெறலாம். புதிதாக வருபவர்கள் மாநில வழியையும் கட்டாயம் விசாரித்துப் பாருங்கள். உங்கள் ஊரின் நிலவரம் தெரிந்தவர்கள் அங்கேதான் இருப்பார்கள். கீழே நான் சொல்வது நேரடி வழி.

படி 1: இன்றே பதிவு செய்யுங்கள்

மானிய அறிவிப்பு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். சாம் டாட் கவ் (SAM.gov) என்ற அரசுத் தளத்தில் அமைப்பைப் பதிவு செய்தால்தான் கூட்டரசு மானியம் கேட்க முடியும். அங்கே எழுத்தும் எண்ணும் கலந்த 12 இடங்கள் கொண்ட யூ.இ.ஐ. என்ற அடையாளக் குறியீடு கிடைக்கும். பதிவுக்குக் கட்டணம் கிடையாது. பணம் வாங்கிக்கொண்டு செய்து தருகிறோம் என்று மின்னஞ்சல் வந்தால் அழித்துவிடுங்கள். பதிவை ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும்.

எங்கள் அமைப்பின் பெயர் வரித்துறைக் கடிதத்தில் ஒரு மாதிரி, வங்கிக் கணக்கில் வேறு மாதிரி இருந்தது. முகவரியோ முந்தைய தலைவரின் வீட்டு முகவரி. அதையெல்லாம் திருத்தி முடிப்பதற்குள் கடைசித் தேதி போய்விட்டது. ஓர் ஆண்டே வீணானது. அதனால் பெயரும் முகவரியும் எல்லாக் காகிதத்திலும் ஒன்றுபோல இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.

படி 2: யார், எங்கே விடுபட்டுப் போகிறார்கள்?

செயலியின் பெயரையும் படங்களையும் தயார் செய்வதற்கு முன்னால் இந்தக் கேள்விக்குப் பதில் எழுதுங்கள். விண்ணப்பத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். 1993 டிசம்பரில் கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் ஒரு பெண் தன் 21ஆவது பிறந்தநாளன்று கொல்லப்பட்டார். அவரைத் தாக்கியதற்காகச் சிறையில் இருந்த முன்னாள் காதலன் ஜாமீனில் வெளியே வந்த செய்தியை அவருக்கு யாருமே சொல்லவில்லை. அடுத்த ஆண்டே அங்கு ‘வைன்’ என்ற தானியங்கி அறிவிப்பு முறை தொடங்கியது. கைதி வெளியே வந்தால், பதிவு செய்துகொண்டவருக்குத் தொலைபேசி அழைப்பு போகும். இன்று அது பல மாநிலங்களில் இருக்கிறது. தொழில்நுட்பம் என்று பார்த்தால் பெரிய அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் எந்த இடத்தில் ஓர் உயிர் கைநழுவியது என்பதை அது சரியாகப் பிடித்தது.

உங்கள் ஊரில் அந்த இடம் எது? கணவர் பக்கத்து அறையில் இருப்பதால் பேச முடியாத பெண்ணா? மொழிபெயர்ப்பாளருக்காகப் பல மணி நேரம் காவல் நிலையத்தில் உட்கார்ந்திருக்கும் தாயா? பாலியல் வன்முறைக்குப் பின் பரிசோதனை செய்யப் பயிற்சி பெற்ற செவிலியர் இல்லாத கிராமத்து மருத்துவமனையா? உங்களிடம் உள்ள அழைப்புப் பதிவேட்டைப் புரட்டுங்கள். ஓர் ஆண்டில் எத்தனை பேர் அழைத்தார்கள், எத்தனை பேருக்கு அவர்கள் மொழியில் பதில் சொல்ல முடியவில்லை என்று பெயர்கள் இல்லாமல் எண்ணி எழுதுங்கள். நாட்டுப் புள்ளிவிவரத்தைப் பக்கம் பக்கமாக ஒட்டுவதைவிட உங்கள் சொந்த எண்ணிக்கை வலுவானது.

படி 3: பாதிக்கப்பட்டவரின் பாதுகாப்பை யோசியுங்கள்

இதை அவசரமில்லாமல் செய்யுங்கள். கொடுமை செய்பவரின் கையிலும் அதே தொலைபேசி இருக்கலாம். நீங்கள் அனுப்பும் ஒரு குறுஞ்செய்தியே அடி வாங்க வைக்கலாம். இணையப் பக்கத்தில் ‘உடனே வெளியேறு’ பொத்தான் வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். அது பக்கத்தைத்தான் மாற்றும், உலாவியில் பதிந்த தடத்தை அழிக்காது. அதைப் பயன்படுத்துபவருக்கும் அந்தப் பக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

சட்டமும் கண்டிப்பானது. பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டும் தகவலை, அவர் புரிந்துகொண்டு, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் என்று எழுத்தில் தரும் சம்மதம் இல்லாமல், சட்டமோ நீதிமன்றமோ கட்டாயப்படுத்தினால் ஒழிய, வெளியே கொடுக்கக் கூடாது. அப்படியென்றால் மென்பொருள் விற்கும் நிறுவனத்தின் ஊழியரும் அதைத் திறந்து பார்க்க முடியக் கூடாது. பூட்டிய தகவலைத் திறக்கும் குறியாக்கச் சாவி உங்களிடம் மட்டும் இருக்கும் சேவையாகப் பார்த்து எடுங்கள். சாட் முடிந்ததும் உரையாடல் அழிந்துவிட வேண்டும். தேவையில்லாத எதையும் கேட்கவே வேண்டாம்: முழுப்பெயர் எதற்கு, பிறந்த தேதி எதற்கு? குடும்ப வன்முறைக்கு எதிரான தேசிய அமைப்பான என்.என்.இ.டி.வி.யின் ‘சேஃப்டி நெட்’ குழு இதற்கான விளக்கங்களை இலவசமாக வெளியிடுகிறது. எழுத உட்காரும் முன் படித்துவிடுங்கள்.

படி 4: எழுத்தும் பட்ஜெட்டும்

தேவை, திட்டத்தின் வடிவம், உங்கள் திறமை, பலனை எப்படி அளப்பீர்கள் என்ற நான்கும் விளக்கவுரையில் இருக்க வேண்டும். எழுத்தளவு, பக்க வரம்பு எல்லாம் அறிவிப்பில் உள்ளபடியே இருக்கட்டும். காவல்துறை, மருத்துவமனை போன்றவற்றோடு சேர்ந்து செய்வதாக இருந்தால் அவர்களிடம் கையெழுத்திட்ட கடிதம் வாங்குங்கள். வாய்ச்சொல் போதாது.

பட்ஜெட்டில் பலரும் செய்யும் தவறு, பணம் முழுவதையும் செயலி உருவாக்கத்துக்கு ஒதுக்குவது. சாட் சேவையின் மறுமுனையில் உட்கார்ந்து பதில் எழுதப்போகும் பெண்ணின் சம்பளம் எங்கே? பராமரிப்புச் செலவு எங்கே? வாடகை, கணக்கு வேலை போன்ற மறைமுகச் செலவுக்கு, அரசோடு தனியாகப் பேசி முடித்த விகிதம் இல்லாத அமைப்புகள் 15 சதவீதம் வரை கேட்கலாம். 2024 அக்டோபருக்கு முன் இது 10 சதவீதமாக இருந்தது. அப்புறம், மென்பொருள் வேலையைத் தெரிந்தவர் கம்பெனிக்கே கொடுத்துவிட முடியாது. விலை கேட்டு ஒப்பிட வேண்டும்.

படி 5: இரண்டு முறை சமர்ப்பித்தல்

முதலில் கிராண்ட்ஸ் டாட் கவ் (Grants.gov) தளத்தில் எஸ்.எஃப்-424 என்ற அடிப்படை விண்ணப்பப் படிவம். பிறகு நீதித்துறையின் ஜஸ்ட்கிராண்ட்ஸ் (JustGrants) தளத்தில் முழு விண்ணப்பம். இரண்டுக்கும் தனித்தனிக் கடைசித் தேதி உண்டு, நேரம் கிழக்கு அமெரிக்காவின் கணக்குப்படி. கலிஃபோர்னியாவில் இருப்பவர்கள் மூன்று மணி நேரத்தைக் கழித்துக்கொள்ளுங்கள். ஜஸ்ட்கிராண்ட்ஸில் நுழைவதற்கான மின்னஞ்சல், சாம் தளத்தில் தொடர்பாளராகக் குறிக்கப்பட்டவருக்குப் போகும். அவர் அமைப்பை விட்டுப் போயிருந்தால் இப்போதே பெயரை மாற்றுங்கள். கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்பே அனுப்பிவிடுங்கள்.

மானியம் கிடைத்தால், அதிகாரபூர்வக் கடிதம் கைக்கு வந்து ஒப்புதல் முடியும்வரை செலவைத் தொடங்காதீர்கள். முன் அனுமதி இல்லாமல் செய்த செலவு திரும்பக் கிடைக்காமல் போகலாம். அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிதி அறிக்கை தர வேண்டும். அதற்கு ஆள் யார் என்பதையும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.