பதிலை அவளே சொல்லட்டும்: குழந்தை டாக்டரிடமிருந்து பெரியவர்கள் டாக்டருக்கு மாறுவது எப்படி?

என் மகளுக்கு அப்போது 13 வயது. "மாடி ஏறினால் மூச்சு வாங்குதா?" என்று டாக்டர் அவளைப் பார்த்துத்தான் கேட்டார். "இல்லை டாக்டர், நல்லா ஏறுறா" என்று நான் முந்திக்கொண்டேன். வெளியே வந்ததும் அவள் சொன்னாள்: "மூணாவது மாடிக்கு மேல வாங்குதும்மா. நீ எங்க என்னைப் பேச விட்டே?"

அவளுக்குப் பிறவியிலேயே இதயத்தில் டெட்ராலஜி ஆஃப் ஃபேலோ என்ற குறைபாடு: இதயத்துக்குள் ஓட்டை, நுரையீரலுக்குப் போகும் வழியும் குறுகல். 11 மாதத்தில் ஆபரேஷன் ஆனது. ஓட்டையை அடைத்து, நுரையீரலுக்கு ரத்தம் போகும் குறுகலான வழியை அகலப்படுத்தினார்கள். "சரியாகிவிட்டது" என்றே எல்லோரிடமும் சொல்லிவந்தேன். அது பாதிதான் உண்மை. வழியை அகலப்படுத்தும்போது அங்கிருக்கும் வால்வு பலருக்குக் கசியத் தொடங்கிவிடும். கசிவால் வலது கீழறை வருஷக்கணக்கில் மெல்ல மெல்லப் பெரிதாகும், உடம்பில் ஒன்றும் தெரியாது. சிலருக்குப் பின்னாளில் வால்வையே மாற்ற வேண்டிவரும். அதனால் ஆயுள் முழுக்கப் பரிசோதனை தொடர வேண்டும். ஆனால் சிக்கல் என்ன என்றால், உடம்பு நன்றாக இருப்பதாகத் தோன்றும் 18, 20 வயதில்தான் பிள்ளைகள் டாக்டரிடம் போவதை நிறுத்துகிறார்கள். இதயத்துக்கு மட்டும் இல்லை இது. மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொண்டவர்களில் அது பழுதாகும் ஆபத்து மிக அதிகமாக இருப்பதும் பதின்பருவக் கடைசியிலும் இருபதுகளின் தொடக்கத்திலும்தான்.

எப்போது தொடங்குவது? அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2018-ல் புதுப்பித்த வழிகாட்டுதலில் 12 வயதில் பேச்சை எடுக்கவும் 14-ல் திட்டம் போடவும் சொல்கிறது. நான் அந்த மாடிப்படிப் பதிலுக்குப் பிறகு, 13-ல் தொடங்கினேன். தாமதமாகிவிட்டதே என்று நினைப்பவர்கள் 17-லும் தொடங்கலாம், கொஞ்சம் அவசரமாகச் செய்ய வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

முதலில் ஒரு சோதனை வைத்தேன். "உனக்கு என்ன நோய், என்ன செய்தார்கள், இப்போது எதைக் கவனிக்க வேண்டும்? மூன்று வாக்கியத்தில் சொல்லு." அவள் "ஹார்ட்ல ஓட்டை இருந்துச்சு, தைச்சுட்டாங்க" என்றாள். மார்பில் அவ்வளவு பெரிய தழும்போடு வளர்ந்தவளுக்கு நோயின் பெயர்கூடத் தெரியவில்லை. தப்பு என்னுடையது. டாக்டரிடம் இதயத்தைப் படமாக வரைந்து காட்டச் சொன்னோம். மூன்று வாக்கியம் தடுமாறாமல் வர ஆறு மாதம் ஆயிற்று.

அடுத்தது, நாற்காலியை விட்டு எழுந்திருப்பது. இது எனக்குத்தான் கஷ்டம். 14 வயதில் கடைசி ஐந்து நிமிடம் மட்டும் நான் வெளியே இருந்தேன். 16-ல் அவள் முதலில் தனியாகப் போவாள், கடைசியில் என்னைக் கூப்பிடுவார்கள். 17-ல் நான் வராந்தாவிலேயே இருந்துவிட்டேன். அப்படித் தனியாக இருந்த ஒருநாள்தான் அவள் டாக்டரிடம் கேட்டிருக்கிறாள்: "நான் குழந்தை பெத்துக்க முடியுமா?" இரண்டு வருஷமாக அந்தக் கேள்வியை மனதில் வைத்திருந்தாளாம். (அவள் நிலையில் உள்ள பலரால் முடியும். ஆனால் கருத்தரிப்பதற்கு முன்பே இதய டாக்டரைப் பார்த்துவிட வேண்டும்.) நான் பக்கத்தில் இருந்திருந்தால் கேட்டிருக்க மாட்டாள். சிகரெட், மது, மனச்சோர்வு எல்லாமே அப்படித்தான், அம்மா முன்னால் வாயே திறக்காது.

இதற்கிடையில் காகிதங்களைச் சேருங்கள். குறிப்பாக ஆபரேஷன் குறிப்பின் நகல். பல மருத்துவமனைகள் பழைய கோப்புகளைக் குறிப்பிட்ட வருஷங்களுக்கு மேல் வைத்திருக்காது, அதனால் இன்றே கேளுங்கள். அப்புறம் ஒரே பக்கத்தில் எல்லாவற்றையும் சுருக்கி எழுதுங்கள். நோயின் பெயர், ஆபரேஷன் நடந்த தேதி, மருந்தும் அளவும், ஒவ்வாமை, கடைசி எக்கோ (இதய ஸ்கேன்), எம்ஆர்ஐ முடிவுகள், எந்த அறிகுறி வந்தால் உடனே ஓட வேண்டும் என்பது. எங்கள் பக்கத்தில் அந்தக் கடைசி வரி இப்படி இருக்கிறது: "படபடப்போடு தலைசுற்றல் அல்லது மயக்கம்." பல் வைத்தியத்துக்கு முன் ஆன்டிபயாடிக் வேண்டுமா என்பதையும் கேட்டு எழுதிவைத்தோம். எல்லா இதய நோயாளிக்கும் அது தேவைப்படாது. அந்தப் பக்கத்தின் படம் அவள் போனில் இருக்கிறது.

இனி நாங்கள் சறுக்கிய இடம். 18 முடிந்ததும் பெரியவர்களுக்கான பிரிவுக்குக் கடிதம் எழுதிவிட்டதாகச் சொன்னார்கள். நாங்களும் தேதி வரும் என்று காத்திருந்தோம். கோப்பில் இருந்ததோ என் பழைய போன் நம்பர். தகவல் யாருக்கும் வரவில்லை, நாங்களும் விசாரிக்கவில்லை. 14 மாதம் அவள் எந்த டாக்டரையும் பார்க்கவில்லை. கடைசியில் எடுத்த எம்ஆர்ஐயில் பெரிய மாற்றம் இல்லை, எங்கள் நல்ல காலம். ஆகவே இரண்டு விஷயம். கோப்பில் பிள்ளையின் நம்பரைப் போடுங்கள். புது டாக்டரை நேரில் பார்த்து முடிக்கும்வரை பழைய டாக்டரை விடாதீர்கள். மாறுவதற்கு முன்பே ஒருமுறை புது டாக்டரைச் சந்திக்க வைப்பது இன்னும் நல்லது. உடம்பு மோசமாக இருக்கும் சமயத்தில் மட்டும் மாற்ற வேண்டாம்.

எந்தப் பெரியவர்கள் டாக்டரிடம் போவது என்பதும் முக்கியம். மாரடைப்பு பார்க்கும் எல்லா இதய டாக்டருக்கும் பிறவிக் குறைபாட்டில் பழக்கம் இருக்காது. "இதுபோன்ற நோயாளிகளை நீங்கள் வழக்கமாகப் பார்க்கிறீர்களா?" என்று நேராகவே கேட்டோம். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

பிள்ளையால் தானே முடிவெடுக்க இயலாத வீடுகளில் கதை வேறு. பல நாடுகளில் 18 வயதானதும் பெற்றோர் என்பதாலேயே கையெழுத்துப் போடும் உரிமை தொடராது. 17-லேயே வக்கீலிடம் விசாரித்துவிடுங்கள். அங்கேயும் பிள்ளையிடம் கேட்கக்கூடியதைப் பிள்ளையிடமே கேட்கலாம், எந்தக் கையில் ஊசி போடுவது என்பதையாவது.

புது இடத்தில் சுவரில் யானைப் படம் இல்லை, பக்கத்து நாற்காலிகளில் அறுபது வயதுக்காரர்கள். டாக்டர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மாடி ஏறினால் மூச்சு வாங்குதா?" என்றார். நாக்கைக் கடித்துக்கொண்டேன். "நாலாவது மாடியில் வாங்குது" என்றாள் அவள்.