மூட்டு ஆபரேஷன் அன்று பதற்றத்தில் செய்யும் தவறுகள்

மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நாளன்று காலையில் பயம் இல்லாதவர் யாரும் இல்லை. அம்மாவின் ஆபரேஷனுக்குக் கூட இருந்தபோது எனக்குப் பட்டது இது: பயத்தைவிட, அதை வாய்விட்டுச் சொல்லாமல் நாம் செய்கிற காரியங்கள்தான் அதிகச் சிக்கல் தருகின்றன.

முதல் தவறு காபி. படபடப்பாக இருக்கிறதே என்று அரை டம்ளர் குடித்துவிட்டு, அது என்ன சாப்பாடா என்று சும்மா இருந்துவிடுகிறார்கள். பால் கலந்தாலே அது உணவுக் கணக்குதான். பொதுவாக உணவையும் பாலையும் 6 மணி நேரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்பு வரை குடிக்க விடுவதுண்டு. மயக்கத்தில் வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடலாம், அதனால்தான் இந்தக் கண்டிப்பு. மறந்து குடித்துவிட்டால் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். சுகர், பிரஷர் மாத்திரைகளையும் மயக்க மருந்து டாக்டர் சொன்னபடியே போடுங்கள்.

அதைவிடப் பெரிய தவறு, தேதி தள்ளிப்போய்விடுமே என்று காய்ச்சலையோ, காலில் வந்த சின்னக் கொப்புளத்தையோ, நீர்க்கடுப்பையோ மறைப்பது. வைத்த செயற்கை மூட்டில் கிருமி தொற்றினால் மறுபடி ஆபரேஷன் வரை போகலாம். அதோடு ஒப்பிட்டால் இரண்டு வாரத் தாமதம் ஒன்றுமே இல்லை. சுத்தமாக இருக்கட்டும் என்று வீட்டிலேயே முழங்காலைச் சவரம் செய்வதும் வேண்டாம். பிளேடு போடும் நுண்ணிய கீறல் கிருமிக்கு வழி விடும்.

ஆபரேஷன் தியேட்டருக்குப் போகும்முன் ஒவ்வொருவராக வந்து பெயர் என்ன, எந்தக் கால் என்று கேட்பார்கள். 'இது கூடவா தெரியாது?' என்று அம்மா மிரண்டுபோனார். கால் மாறிவிடக் கூடாது என்றுதான் அத்தனை முறை கேட்கிறார்கள். காலில் பேனாவால் போட்ட குறியும் அதற்குத்தான். ஒவ்வொரு முறையும் பொறுமையாகப் பதில் சொல்லுங்கள்.

நகையைக் கழற்றச் சொல்லும்போது பல பெண்களுக்குத் தாலியில் மனசு உடைந்துவிடும். கடைசி நிமிடத்தில் தியேட்டர் வாசலில் அந்த அழுகை தேவையில்லை. முந்தைய நாளே நர்ஸிடம் கேட்டு, மஞ்சள் கயிற்றுக்கு மாற்றிக்கொள்ளலாமா என்று பேசி வையுங்கள். பல் செட், மெட்டி, நகப்பூச்சு எல்லாவற்றையும் எடுக்க வேண்டும் என்பது வீட்டிலேயே நினைவில் இருக்கட்டும்.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வதுதான் பெரும்பாலும் நடக்கும். வலி தெரியாது, ஆனால் விழித்திருந்தால் எலும்பை அறுக்கும் சத்தமும் தட்டும் சத்தமும் கேட்கும். இதை முன்கூட்டியே யாரும் சொல்லாவிட்டால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். "எனக்குப் பயமாக இருக்கிறது, தூங்க வைக்க முடியுமா?" என்று மயக்க மருந்து டாக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். லேசாகத் தூங்க மருந்து உண்டு.

உறவினர்களுக்கும் ஒன்று: அடுத்த தெரு மாமிக்கு என்ன ஆயிற்று என்ற கதையை அன்று மட்டும் தவிர்த்துவிடுங்கள். ஆபரேஷன் ஒன்றரை மணி நேரம் என்றாலும், முன்னும் பின்னும் சேர்த்து வார்டுக்குத் திரும்ப மூன்று நான்கு மணி நேரம் ஆகலாம். வெளியே வந்ததும் கால் அசையவில்லையே என்று ஆபரேஷன் ஆனவர் பயந்தால், மருந்து இறங்க இன்னும் சில மணி நேரம் ஆகும் என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல ஒருவர் இருக்க வேண்டும்.