யானைக்கால்: விரலிடுக்கைப் பார்க்காமல் படுக்கப் போகாதீர்கள்

என் மாமியாருக்கு இடது காலில் யானைக்கால். கும்பகோணம் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. 11 வருடங்களாகத் தினமும் இரவு அந்தக் காலை நான்தான் கழுவிவிடுகிறேன். அதற்கு முன்பெல்லாம் அத்தைக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவையாவது குளிர்காய்ச்சல் வந்துவிடும். உடம்பு தூக்கித் தூக்கிப் போடும், தொடை இடுக்கில் நெறி கட்டும், கால் சிவந்து அனலாகக் கொதிக்கும். ஒரு வாரம் படுக்கைதான். எழுந்து நடக்கும்போது கால் முன்பைவிடக் கொஞ்சம் பருத்திருக்கும். கடந்த மூன்று வருடங்களில் அந்தக் காய்ச்சல் ஒரே ஒரு தடவைதான் வந்தது. இதற்குப் பெரிய மருந்து எதுவும் காரணமில்லை. காலைப் பார்த்துக்கொள்ளும் முறையை மாற்றினோம், அவ்வளவுதான். வீட்டில் இப்படி ஒருவரை வைத்திருப்பவர்கள் எல்லோரும் அந்த முறையைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

எங்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவர் ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸம்மா. முகாமுக்கு அழைத்துப் போயிருந்தேன். எல்லோரும் வீக்கத்தைப் பார்ப்பார்கள், அவர் பார்க்கவில்லை. "வீக்கம் இருக்கட்டும் பாட்டி, விரலைப் பிரிச்சுக் காட்டுங்க" என்றார். சுண்டுவிரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவில் தோல் ஊறி வெள்ளையாக இருந்தது, அடியில் ஒரு வெடிப்பு. நடவுக்குப் போகிறவர்களுக்கு வரும் சேற்றுப்புண்தான். நாங்கள் அதை ஒரு பொருட்டாகவே நினைத்ததில்லை. "காய்ச்சல் உள்ளே போற வாசல் இதுதாம்மா" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

அது எப்படி வாசலாகிறது என்று புரிந்த பிறகுதான் எனக்கு இந்த வேலையில் பிடிப்பு வந்தது. அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

டெல்டாக்காரர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். வயலுக்குப் பாசன வாய்க்கால் ஒன்று, வடிகால் ஒன்று. உடம்பில் ரத்தக் குழாய்கள் பாசன வாய்க்கால். மெல்லிய ரத்தக் குழாய்களிலிருந்து ஒரு நாளைக்குச் சுமார் 20 லிட்டர் நீர் சதைக்குள் கசிகிறது. அதில் பெரும்பகுதி ரத்தத்துக்கே திரும்பிவிடும். மிச்சம் ஏறத்தாழ 3 லிட்டரைச் சேர்த்துக்கொண்டு போவதுதான் நிணநீர்க் குழாய்கள், அதாவது வடிகால். இரண்டு கால்களிலிருந்தும் புறப்படும் நிணநீர் வயிறு, நெஞ்சு வழியாக ஏறி, இடது காறை எலும்புக்கு அடியில் ரத்தத்தோடு கலக்கிறது. ரத்தத்தைத் தள்ள இதயம் இருக்கிறது. நிணநீருக்கு அப்படி ஒன்று கிடையாது. குழாய்ச் சுவர் சுருங்குவதும், நாம் நடக்கும்போது கெண்டைக்கால் சதை அமுக்குவதும்தான் அதை மேலே தள்ளுகின்றன. தள்ளியது கீழே இறங்காமல் இருக்க உள்ளே சின்னச் சின்னக் கதவுகள் போன்ற வால்வுகள் உண்டு.

போகிற வழியில் காவல் சாவடிகளும் இருக்கின்றன. அவைதான் நிணநீர்க் கணுக்கள். உடம்பு முழுக்க 500க்கு மேல் இருக்கும். கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் கூட்டமாக இருக்கும். சின்னப் பிள்ளைக்குக் காலில் முள் குத்திச் சீழ் வைத்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுகிறதே, அது இந்தக் கணுதான். புண்ணில் கிருமி புகுந்தவுடன் அங்கேயே இருக்கும் வெள்ளை அணுக்கள் சண்டையைத் தொடங்கிவிடும். வேறு சில அணுக்கள் கிருமியின் துண்டை எடுத்துக்கொண்டு நிணநீர் வழியாகக் கணுவுக்கு ஓடும். கணுவுக்குள் லட்சக்கணக்கான வெள்ளை அணுக்கள் காத்திருக்கின்றன. கொண்டுவந்த துண்டு எந்த அணுவுக்குப் பொருந்துகிறதோ, அது பல மடங்காகப் பெருகும். அந்தப் பெருக்கத்தில்தான் கணு வீங்குகிறது. சில அணுக்கள் நேரே போய்ச் சண்டை போடும், சில எதிர்ப்பொருளைச் செய்து ரத்தத்தில் அனுப்பும். அதனால் நெறி கட்டினால் அதை அமுக்கித் தேய்க்காதீர்கள். அது வேலை செய்துகொண்டிருக்கிறது.

யானைக்காலில் கெட்டுப்போவது இந்த வடிகால். சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் பெருகும் க்யூலெக்ஸ் கொசு கடிக்கும்போது ஃபைலேரியா புழுவின் குஞ்சுகள் உள்ளே போகின்றன. ஒரு கடியில் வந்துவிடாது. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் கடிபட்ட பிறகுதான் வரும். நூல் மாதிரி மெல்லிசான புழு, பெண் புழு 8 முதல் 10 சென்டிமீட்டர் நீளம். போயும் போயும் காவல்காரர்கள் நடமாடும் நிணநீர்க் குழாய்க்குள்ளேயே குடியேறி 6 முதல் 8 வருடம் உயிரோடு இருக்கும். உயிரோடு இருக்கும் வரை உடம்பின் எதிர்ப்பைத் தணித்து வைத்துக்கொள்ளும் திறமை அதற்கு உண்டு. அதனால் பல வருடங்களுக்கு வெளியே ஒன்றும் தெரியாது. அதற்குள் குழாய் அகன்று வால்வுகள் கெட்டுவிடும்.

அப்புறம் புழு செத்துப்போனாலும் வடிகால் பழையபடி ஆகாது. காலில் நீர் தேங்கும். தேங்கிய காலில் விரலிடுக்கு வழியாக ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மாதிரியான பாக்டீரியா புகுந்தால், கணுவுக்குத் தகவல் போகும் பாதையும் கெட்டிருக்கிறது, காவலுக்கு வரும் அணுக்களும் நேரத்துக்கு வந்து சேர முடியாது. கிருமி அங்கேயே பெருகும். அதுதான் அந்தக் குளிர்காய்ச்சல். ஒவ்வொரு காய்ச்சலும் மிச்சமிருக்கும் குழாயையும் கெடுத்துவிட்டுப் போகும், தோல் தடிக்கும், மடிப்பு விழும். காலைப் பருக்க வைப்பது புழு மட்டும்தான் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தோம். விரலிடுக்கை அடைத்தால் பாதிக் கெடுதல் நிற்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

சரி, கழுவும் முறைக்கு வருகிறேன்.

ஒரு அகலமான பிளாஸ்டிக் டப், ஒரு குவளை, உட்கார நாற்காலி, சாதாரணக் குளியல் சோப்பு, சுத்தமான பருத்தித் துணி இரண்டு. சுகாதாரத் துறையில் இவற்றில் பலவற்றை ஒரு தொகுப்பாகவே தருகிறார்கள், கேட்டு வாங்குங்கள். துணிக்கு நான் மாமனாரின் பழைய வேட்டியைக் கிழித்து வைத்திருக்கிறேன். மெத்தென்று இருக்கும். தினமும் துவைத்து வெயிலில் போட்டுவிடுவேன்.

தண்ணீர் பச்சைத் தண்ணீராகவே இருக்கட்டும். வெந்நீர் வேண்டாம். அத்தை அதுவரை கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் கல் உப்பைப் போட்டுக் காலை வைத்திருப்பார். அதில் சுகம் கிடைக்கிறது என்பார். சூட்டில் ரத்த ஓட்டம் கூடி நீர் இன்னும் கசியும். போதாததற்கு, மரத்துப்போன தோல் வெந்தாலும் தெரியாது. இந்தப் பழக்கத்தை நிறுத்தவைக்க எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

முதலில் என் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்வேன். பிறகு விளக்கைப் பக்கத்தில் வைத்துக் கால் முழுவதையும் பார்ப்பேன்: விரலிடுக்கு, மடிப்புகளுக்கு உள்ளே, குதிகால், உள்ளங்கால். கீறல், வெடிப்பு, கொப்புளம், கொசுக்கடியைச் சொறிந்த தடம், எதையும் விடக்கூடாது. காலை நனைத்து, முழங்காலுக்கு மேலே வீக்கம் இல்லாத இடத்திலிருந்து சோப்புப் போட்டுக் கீழே இறங்க வேண்டும். மடிப்புகளை விரலால் மெதுவாகப் பிரித்து உள்ளே துணியால் துடைக்க வேண்டும். பிரஷ், நார், பீர்க்கங்கூடு, மஞ்சள் உரசும் கல் எதுவும் ஆகாது. தேய்த்தால் புது வாசல் திறக்கும். கடைசியில் விரலிடுக்குகள். வழிந்து விழும் தண்ணீர் தெளிவாகும் வரை நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். அப்புறம் மற்ற காலையும் அதேபோல் கழுவுங்கள். நல்ல கால்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

எங்கள் வீட்டில் இடைஞ்சல் வந்தது மெட்டியால். வீங்கிய விரலில் மெட்டி அழுந்திக் கிடந்தது, அதன் அடியில் தோல் எப்போதும் ஊறியே இருந்தது. மாமனார் உயிரோடு இருக்கும்போது மெட்டியைக் கழற்ற அத்தை எப்படிச் சம்மதிப்பார்? நான் சொல்லிப் பார்த்தேன், நர்ஸம்மா சொல்லிப் பார்த்தார். கடைசியில் மாமனாரே ஒரு நாள் தட்டானைக் கூட்டிவந்து, பக்கத்தில் உட்கார்ந்து அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு வெட்டி எடுக்கச் சொன்னார். அந்த மெட்டி சாமி மாடத்தில் குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கழற்றியதிலிருந்து அந்த விரலில் புண் வரவே இல்லை. உங்கள் வீட்டிலும் இப்படி இருந்தால் பெரியவர்களிடம் பொறுமையாகப் பேசுங்கள். பிடுங்கி எடுக்காதீர்கள்.

கழுவுவதைவிடத் துவட்டுவதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். துணியை ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். விரலிடுக்குகளுக்குச் சின்னத் துணித் துண்டையோ பஞ்சையோ விட்டு ஈரம் எடுங்கள். நான் அதன்பிறகு விசிறியால் ஐந்து நிமிடம் வீசிவிடுவேன். ஊறிய வெள்ளைத் தோல் இருந்தால் பூஞ்சைக்கான களிம்பு, வெடிப்பு இருந்தால் கிருமிநாசினிக் களிம்பு. எது என்று டாக்டரிடம் காட்டித் தெரிந்துகொண்டு போடுங்கள். களிம்பையும் விரலிடுக்கில் அப்பக்கூடாது, மெல்லிசாகத் தடவினால் போதும். நகத்தை நேராக வெட்டுங்கள். ஓரத்தைத் தோண்டாதீர்கள். முழுவதும் முடிய 20 நிமிடம் ஆகும்.

உட்காரும்போது காலைத் தொங்கப்போடாமல் ஒரு ஸ்டூலில் நீட்டி வைக்க வேண்டும். படுக்கும்போது பாயின் கால்மாட்டுக்கு அடியில் தலையணையைக் கொடுத்து உயர்த்தலாம். கட்டில் என்றால் கால்மாட்டுப் பக்கம் செங்கல் வைக்கலாம். இதய நோய் இருப்பவர்களுக்கு டாக்டரைக் கேட்காமல் இப்படிச் செய்யாதீர்கள். உடற்பயிற்சி சுலபமானதுதான். சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது, உட்கார்ந்தபடி பாதத்தை வட்டமாகச் சுற்றுவது. கெண்டைக்கால் சதை அமுக்கினால்தானே நிணநீர் ஏறும். அத்தை டிவியில் விளம்பரம் வரும்போதெல்லாம் பாதத்தைச் சுற்றுவார். செருப்பு அகலமாக, வார் அழுத்தாமல் இருக்கட்டும். கொல்லைக்குப் போவதென்றாலும் வெறுங்காலோடு போகக்கூடாது.

எல்லாம் செய்தும் காய்ச்சல் வந்துவிட்டால் உடற்பயிற்சியை நிறுத்திவிடுங்கள். காலை உயர்த்திப் படுக்க வையுங்கள், குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியைப் போடுங்கள், கஞ்சித் தண்ணீர், மோர் என்று நிறையக் குடிக்கக் கொடுங்கள். பாராசிட்டமால் கொடுக்கலாம். ஆனால் பாக்டீரியாவுக்கு ஆன்டிபயாடிக் தேவைப்படும் என்பதால் டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடாதீர்கள். பேச்சு குழறினால், தூக்கக் கலக்கமாகவே இருந்தால், வாந்தி நிற்காவிட்டால், காலில் சிவப்பு வேகமாக ஏறினால் இரவு என்று பார்க்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். காய்ச்சல் நேரத்தில் கொப்புளத்தைக் குத்தவோ பற்றுப் போடவோ வேண்டாம். பல வருடங்களுக்கு முன்னால் ஒருவர் கெட்ட நீரை இறக்குகிறேன் என்று அத்தையின் காலைப் பிளேடால் கீறிவிட்டார். அந்தத் தழும்பு இருக்கும் இடத்தில் தோல் இன்றைக்கும் மற்ற இடத்தைவிடத் தடிப்பு.

ஆண்களுக்கு இதே புழுவால் விரைவீக்கம் வரும். வெட்கப்பட்டுக்கொண்டு வேட்டிக்குள் மறைத்தே வாழ்ந்துவிடுகிறார்கள். அறுவை சிகிச்சையில் சரியாகக்கூடியது அது. அரசு மருத்துவமனையில் கேளுங்கள்.

2004 முதல் நாடு முழுவதும், நோய் இருந்த மாவட்டங்களில், வீடு வீடாக யானைக்கால் மாத்திரை கொடுத்தார்கள். முதலில் டிஇசி மாத்திரை, பிறகு அதோடு அல்பெண்டசோல் என்ற பூச்சி மாத்திரையும். அவை ரத்தத்தில் சுற்றும் புழுக் குஞ்சுகளை அழித்து, அடுத்தவருக்குப் பரவாமல் தடுக்கின்றன. வீங்கிய காலை வற்ற வைக்காது என்பதால் பலர் வாங்கித் தூக்கிப் போட்டார்கள். எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன், வயிறு எரிகிறது. எங்கேயாவது மாத்திரை கொடுக்க வந்தால், சாப்பிட்டுவிட்டு, கொடுப்பவர் முன்னாலேயே விழுங்குங்கள். இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள், கர்ப்பிணிகள், கடுமையான நோயில் படுத்திருப்பவர்கள் சாப்பிடக்கூடாது. ரத்தப் பரிசோதனைக்கு இரவில் வந்து எழுப்பினாலும் கோபிக்காதீர்கள். அந்தக் குஞ்சுகள் நடுராத்திரியை ஒட்டித்தான் வெளி ரத்தத்துக்கு வரும், க்யூலெக்ஸ் கொசு கடிக்கும் நேரமும் அதுதான்.

கடைசியாக ஒன்று. உங்கள் செப்டிக் டேங்கின் காற்றுக் குழாயை இன்றைக்கே போய்ப் பாருங்கள். வாய் திறந்திருந்தால் பழைய கொசுவலையில் ஒரு துண்டு வெட்டி, இரட்டையாக மடித்து, கம்பியால் இறுக்கிக் கட்டுங்கள். மழைக்காலம் முடிந்தவுடன் வலை கிழிந்திருக்கிறதா என்று மறுபடி ஏறிப் பாருங்கள்.